கர்வ்பாலா, சேஞ்சப்பா? கூடவே, எந்தக் கிளவ்?

பிப்ரவரிக் கடைசியில் பேஸ்பால் அணித் தேர்வு முடிந்ததும் கோச் என்னைத் தனியே கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். இந்த வருஷம் என் மகளைப் பிட்சராக, அதாவது பந்து வீசுகிறவளாகப் போடலாம் என்று பார்க்கிறார். நேராக வேகமாக வீசுவதோடு இன்னொரு வகைப் பந்தும் கைவசம் இருந்தால் நல்லது. அடுத்தது, அவள் கையில் இருக்கும் கிளவை, அதாவது பந்து பிடிக்கும் தோல் கையுறையை, மாற்ற வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே முதல் கேள்விக்கு என்னிடம் விடை தயார். திருநெல்வேலியில் டென்னிஸ் பந்தில் லெக் ஸ்பின் போட்டு வளர்ந்தவன் நான். பந்தைச் சுழற்றத் தெரிந்தவனுக்கு, சுழன்று வளைந்து விழும் கர்வ்பால் ஒரு விஷயமா? இரண்டாவதற்கும் விடை இருந்தது: கடையில் இருப்பதிலேயே விலை கூடினதை வாங்கிவிடுவது. இரண்டுமே தப்பு என்று புரிய மூன்று மாதம் ஆனது. நியூஜெர்சியிலும் டெக்ஸஸிலும் இதே கேள்வியோடு மைதான ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நம்மவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்காக, நான் அலசிப் பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் கிரிக்கெட் புத்தியைக் கொஞ்சம் கழற்றி வைக்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை மடக்கி நீட்டினால் நோ-பால். இங்கே மடக்கி நீட்டுவதுதான் ஆட்டமே. 2008-ல் இந்தியாவில் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று ஒரு போட்டி நடத்தி, ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு பையன்களைப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி வரைக்கும் கொண்டுபோனார்கள். இருவரும் பந்துவீச்சாளர்கள் இல்லை, ஈட்டி எறிகிறவர்கள். அதிலேயே விஷயம் இருக்கிறது. பந்தும் வேறு. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். பேஸ்பால் 142 முதல் 149 கிராம். 108 இரட்டைத் தையல்கள் குதிரை லாட வடிவத்தில் பந்தைச் சுற்றி ஓடும். விரல் அந்தத் தையலுக்குக் குறுக்கே விழுகிறதா, கூடவே ஓடுகிறதா என்பதை வைத்துத்தான் பந்தின் குணம். ‘பிட்ச்’ என்ற சொல்கூட மாறிவிடும். நமக்கு அது மண்; இங்கே வீசுகிற ஒவ்வொரு பந்தும் ஒரு பிட்ச்.

இரண்டாவது பந்து எது?

எல்லாப் பிள்ளைகளும் முதலில் கற்பது ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பால். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் லாடத்துக்குக் குறுக்கே, கட்டைவிரல் நேர் கீழே. அதற்கு அடுத்தது என்ன என்பதுதான் கேள்வி. நான்கு பதில்கள் கிடைத்தன.

கர்வ்பாலின் கவர்ச்சி எனக்குத் தெரியும். நடுவிரலைத் தையலோடு ஒட்டிப் பிடித்து, விடும் நேரத்தில் கையின் பக்கவாட்டால் வெட்டுவதுபோல் முன்னால் கீழே இழுத்தால், பந்து முன்நோக்கிச் சுழன்று கடைசியில் விழும். டாப் ஸ்பின்னர் போட்டவர்களுக்கு இது பழகின கதைதான். தரையில் குத்தித் திரும்பும் வேலை மட்டும் இல்லை, எல்லாம் காற்றிலேயே முடிந்துவிடும். 12 வயதுக்கு உட்பட்ட ஆட்டத்தில் நிஜமாகவே விழும் ஒரு கர்வ்பாலை அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் குறைவு. அதனால் ஜெயிக்கும். ஆபத்தும் அங்கேதான்: ஜெயிக்கிற பந்தைத்தான் கோச் திரும்பத் திரும்பக் கேட்பார்.

கைக்குக் கெடுதலா என்று கேட்டால், பதில் நான் நினைத்த அளவுக்கு நேராக இல்லை. 2002-ல் வந்த ஓர் ஆய்வு, 9 முதல் 14 வயதுப் பிட்சர்களில் கர்வ்பால் போட்டவர்களுக்குத் தோள்வலிக்கான வாய்ப்பு 52 சதவீதம் கூடுதல் என்றும், ஸ்லைடர் (வேகமாக வந்து கடைசியில் பக்கவாட்டில் விலகும் பந்து) போட்டவர்களுக்கு முழங்கை வலிக்கான வாய்ப்பு 86 சதவீதம் கூடுதல் என்றும் சொன்னது. பிறகு அலபாமாவின் பர்மிங்ஹாமில் உள்ள அமெரிக்கன் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட், சிறுவர்களைக் கேமரா முன் வீசவைத்து முழங்கையில் விழும் முறுக்கு விசையை அளந்தபோது, கர்வ்பாலில் அது ஃபாஸ்ட்பாலைவிடக் கூடுதலாக இல்லை. குறைவாக இருந்தது, வேகம் குறைத்து ஏமாற்றும் சேஞ்சப்பில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: ஆய்வகத்தில் ஒழுங்காகப் போட்ட கர்வ்பால் வேறு, சனிக்கிழமை நாலாவது இன்னிங்ஸில் (இங்கே மூன்று பேர் அவுட்டானாலே ஓர் அணியின் இன்னிங்ஸ் முடிந்துவிடும்) களைத்துப்போன பிள்ளை மணிக்கட்டைத் திருகிப் போடுவது வேறு.

அந்தக் களைப்புதான் பெரிய வில்லன் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. 481 இளம் பிட்சர்களைப் பத்து வருஷம் பின்தொடர்ந்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வருஷத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசினவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. 2006-ல் வந்த இன்னொன்றில், கை சோர்ந்த பிறகும் வழக்கமாக வீசிக்கொண்டே இருந்தவர்கள் அறுவை சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு 36 மடங்கு. முப்பத்தாறு! அந்த எண்ணைப் பார்த்த பிறகு, “என்ன பந்து” என்ற கேள்வியைவிட “எத்தனை பந்து” என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு 2007 முதல் பந்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறது: 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75, 11, 12 வயதுக்கு 85. 66 பந்தோ அதற்கு மேலோ வீசினால் நாலு நாள் ஓய்வு. ஒரே பிள்ளை வெளியே வேறொரு அணிக்கும் ஆடினால் இந்தக் கணக்கை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அதைப் பெற்றவர்கள்தான் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

இந்த வயதில் முழங்கையின் உள்பக்கத்தில் எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். இழுபடுவது பெரும்பாலும் அந்த வளர்ச்சித் தட்டுதான். அதற்கு ‘லிட்டில் லீக் எல்போ’ என்றே பெயர். பெரியவர்களுக்கு அதே இடத்தில் தசைநார் கிழியும். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதை முதன்முதலில் சீர்செய்தது டாமி ஜான் என்ற பிட்சருக்கு. அவர் மறுபடி வந்து 1989 வரை ஆடினார். அதனாலேயோ என்னவோ, அறுவை சிகிச்சை செய்துகொண்டால் கை முன்னைவிடப் பலமாகிவிடும் என்று பேசும் பெற்றோரை மைதானத்தில் கேட்டிருக்கிறேன். அவர்கள் பக்கம் நான் உட்காருவதில்லை.

சேஞ்சப் எல்லா வகையிலும் எதிர்ப்பக்கம். பார்க்க அழகில்லை, டிவியில் யாரும் கைதட்ட மாட்டார்கள். கை அதே வேகத்தில் வரும், பந்து மட்டும் மெதுவாக வரும். வேகத்தைக் குறைப்பது கை இல்லை, பிடி. பந்தை உள்ளங்கைக்குள் கொஞ்சம் ஆழமாகத் தள்ளி, விரல்களைப் பரப்பிப் பிடித்தால் விசை முழுக்கப் பந்துக்குப் போகாது. பெட்ரோ மார்ட்டினெஸ், டாம் கிளாவின் போன்ற பெரிய பிட்சர்கள் போட்டது ‘சர்க்கிள் சேஞ்ச்’: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் பக்கத்தில் ஒரு வட்டம் கட்டும். 11 வயதுக் கைக்கு அது பெரும்பாலும் எட்டாது. ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றும் மேலே, கட்டைவிரலும் சுண்டுவிரலும் கீழே என்ற மூன்று விரல் பிடிதான் சின்னக் கைக்குத் தோது.

எவ்வளவு வித்தியாசம் கிடைக்கும்? லிட்டில் லீக்கில் பிட்சர் நிற்கும் தூரம் 46 அடி. மணிக்கு 50 மைலில் வரும் பந்துக்கு அந்தத் தூரம் கடக்க 0.63 நொடி. 42 மைலில் வந்தால் 0.75 நொடி. நொடியில் எட்டில் ஒரு பங்கு முன்னதாக மட்டை சுழன்றுவிட்டால் போதும், வேலை முடிந்தது.

குறைகளும் உண்டு. கற்க நாளாகும். பிள்ளைகள் தங்களை அறியாமல் கையையே மெதுவாக்கிவிடுவார்கள். அப்போது அது சேஞ்சப் இல்லை, அடிக்கச் சொல்லிக் கொடுக்கும் அல்வா. அணியில் கடைசியில் ஆட வரும், மட்டை மெதுவான பிள்ளைக்கு இதைப் போடவே கூடாது. ஃபாஸ்ட்பாலுக்கு எட்டாத மட்டைக்கு நாமே இரக்கப்பட்டுப் பந்தை அனுப்பி வைத்ததுபோல் ஆகும். இதை என் மகள் ஒரு நல்ல இரண்டு ரன் கொடுத்துக் கற்றுக்கொண்டாள்.

டூ-சீம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரல்களைத் தையலின் குறுகிய இடத்தோடு ஒட்டி வைத்து, ஃபாஸ்ட்பாலாகவே வீசுவது. செலவில்லை, ஆபத்தும் கூடுதலில்லை. ஆனால் 50 மைல் வேகத்தில் அது திரும்புவது அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தது. சுழலே இல்லாமல் தள்ளாடி வரும் நக்கிள்பாலைக் கேட்கவே வேண்டாம். பில் நீக்ரோ என்ற பிட்சர் அதை வைத்து 48 வயது வரை ஆடி 318 ஆட்டம் ஜெயித்தார், ஆனால் அது எங்கே போகும் என்று போடுகிறவருக்கே தெரியாது. கொல்லைப்புற விளையாட்டுக்கு நல்ல பொழுதுபோக்கு.

நாலாவது பதிலைச் சொன்னவர் பக்கத்து அணியின் வயதான கோச்: இரண்டாவது பந்தே வேண்டாம், ஃபாஸ்ட்பாலை உள்ளேயும் வெளியேயும் கேட்ட இடத்தில் போடட்டும். யோசித்தால் இதுதான் பாதி உண்மை. பத்துப் பந்தில் ஆறு ஸ்ட்ரைக் (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) விழாத பிள்ளைக்கு வேறெந்தப் பந்தும் உதவாது.

நான் எடுத்த முடிவு: இந்த வருஷம் ஃபாஸ்ட்பால், கூடவே மூன்று விரல் சேஞ்சப். கர்வ்பால் 14 வயதுக்குப் பிறகு. விளையாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வரிசையும் ஏறக்குறைய இதுதான்: சேஞ்சப் 10 வயதை ஒட்டி, கர்வ்பால் 14-ஐ ஒட்டி, ஸ்லைடர் 16-ஐ ஒட்டி. வேடிக்கை என்னவென்றால், கர்வ்பாலைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி 1939-ல் பேஸ்பால் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்ட கேண்டி கம்மிங்ஸ், கடற்கரையில் சிப்பியோட்டை வீசி அது வளைவதைப் பார்த்து யோசனை பிடித்தது 1863-ல். அப்போது அவருக்கும் வயது 14.

இன்னொரு கைதான் பாதி வேலை செய்கிறது

கிளவை நான் வெறும் பந்து பிடிக்கும் பையாகத்தான் நினைத்திருந்தேன். நம்மூரில் ஒற்றைக் கைக்குப் போட்டாலும் ‘கிளவுஸ்’தான், இங்கே அது ஒருமையில் ‘கிளவ்’. மகளிடம் இருந்தது தெரிந்த வீட்டுப் பையன் போட்டுக் கழித்த 12½ இன்ச் அவுட்ஃபீல்டர் கிளவ், அதாவது மைதானத்தின் தூரத்தில் நிற்கிறவர்களுக்கானது. அது ஏன் ஆகாது என்று கோச் ஒரு நிமிஷத்தில் காட்டினார். வீசும்போது கிளவ் இருக்கும் கை முன்னால் நீண்டு, பிறகு நெஞ்சோடு மடங்கி வர வேண்டும். அப்போதுதான் தோள் நேராகத் திரும்பும். கனமான கிளவ் மடங்காது, பக்கவாட்டில் தொங்கி விலகும்; முன்தோள் சீக்கிரம் திறந்துகொள்ளும்; மிச்ச வேகத்தை வீசும் கை தனியாகச் சம்பாதிக்க வேண்டும். ஆகக் கிளவின் கனம் நேராக முழங்கைக்குப் போய்ச் சேர்கிறது.

அடுத்தது வலை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வார் பின்னி வலைபோலக் குழி அமைக்கும் யோசனை, செயின்ட் லூயிஸ் பிட்சர் பில் டோக் ராலிங்ஸ் நிறுவனத்திடம் கொண்டுபோனது. 1920 வாக்கில் விற்பனைக்கு வந்தது. இன்று அதில் பல தினுசு. பிட்சருக்கு வேண்டியது மூடின வலை. கம்பிவேலிபோலத் திறந்த வலைக்குள் விரல்கள் மூன்றா இரண்டா என்று எதிரணிக்குத் தெரிந்தால் சேஞ்சப் கற்றுப் பயனில்லை. இரண்டு முடிவும் ஒரே முடிவு என்று எனக்குப் பட்டது இந்த இடத்தில்தான். நிறத்துக்கும் விதி உண்டு: பிட்சரின் கிளவ் வெள்ளையோ சாம்பலோ ஆகக் கூடாது.

அளவு, 11 வயதுக்கு 11 முதல் 11½ இன்ச் போதும். வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: பெட்டியில் ‘ரைட் ஹேண்ட் த்ரோ’ என்று போட்டிருந்தால் வலக்கையால் எறிகிறவருக்கு என்று அர்த்தம், போடுவது இடக்கையில். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஆன்லைனில் வாங்கித் திருப்பி அனுப்பாத தமிழ் வீடு எங்கள் தெருவில் இல்லை.

நாற்பது டாலருக்குக் கிடைக்கும் செயற்கைத் தோல் கிளவ் முதல் நாளே மடங்கும், இலேசு. கம்பத்தில் வைத்த பந்தை அடிக்கும் டீ-பால் ஆடும் ஏழு வயதுக்கு அதுவே சரி. ஆனால் அதற்கு உருவம் நிற்காது. ஒரு சீசனில் துணிப்பைபோல் தொய்ந்துவிடும். எதிர்முனையில் வில்சன் ஏ2000, ராலிங்ஸ் ஹார்ட் ஆஃப் த ஹைட் போன்றவை, முந்நூறு டாலரைத் தொடும். கெட்டியான ஸ்டியர் (காயடித்த காளை) தோல், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருஷக்கணக்கில் உழைக்கும். நான் ஆசைப்பட்டது இதைத்தான். கடையில் மகள் கையில் போட்டு மூடச் சொன்னேன். இரண்டு கையாலும் அமுக்கித்தான் மூடினாள். அந்தத் தோல் பெரிய கைக்கு உண்டானது. அவள் கை அந்தக் கிளவுக்கு வளர்ந்து சேரும்போது அவளுக்கு வேறு அளவு வேண்டியிருக்கும்.

நடுவில் இருப்பவை இரண்டு. எண்பது முதல் நூற்றிருபது டாலருக்குள் இளையோருக்கென்றே வரும் மாட்டுத்தோல் கிளவ். பழைய விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும், யாரோ பழக்கிவைத்த நல்ல தோல். பழையது வாங்குவதை நான் கேவலமாக நினைத்தவன், இப்போது அதைத்தான் முதலில் தேடச் சொல்வேன். பார்க்க வேண்டியவை: உள்ளங்கை உள்துணி கிழிந்திருக்கிறதா, வார்கள் காய்ந்து வெடித்திருக்கின்றனவா, பூசண வாடை வருகிறதா. வார் மட்டும் போயிருந்தால் கவலையில்லை, புது வார் கோத்துக்கொள்ளலாம். உள்ளங்கைத் தோலே சொதசொதவென்றிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நாங்கள் எடுத்தது அப்படிப் பழைய 11½ இன்ச் ஒன்று, ஐம்பத்தைந்து டாலர்.

பழக்குவதும் காப்பதும்

ஊரில் புதுத் தோல் செருப்பு கடித்தால் தாத்தா என்ன செய்வார்? விளக்கெண்ணெய் தடவி ஓரிரவு வைப்பார். அந்த ஞானத்தில், முந்தைய வருஷம் நான் அந்த 12½ இன்ச் கிளவுக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன், அதுவும் தாராளமாக. ஏப்ரல் குளிரில் கராஜில் இருந்த கிளவின் மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக எண்ணெய் உறைந்து நின்றது. வெயில் வந்ததும் உருகி உள்ளே போய், கனம் கூடி, மே மாதம் சிக்கு வாடை. கோச் மாற்றச் சொன்னதில் அளவு ஒரு காரணம், என் எண்ணெய் இன்னொரு காரணம்.

கடையில் கேட்டால் மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் ஆயில் என்பார்கள், கண்டிஷனர் என்பார்கள். பழைய ஆட்டக்காரர்கள் வாசலின், லானோலின் கலந்த ஷேவிங் கிரீம் என்பார்கள். எது என்பதைவிட எவ்வளவு என்பதுதான் கேள்வி. துணியில் சுண்டைக்காய் அளவு தொட்டு, வலைக்கும் மடிப்புக்கும் வாருக்கும் மெல்லத் தேய்த்துத் துடைத்துவிட்டால் போதும். நான் கண்டிஷனர் கிரீமுக்கு மாறிவிட்டேன், கனம் ஏறாது என்பதால். ஆளி விதை எண்ணெய் மட்டும் வேண்டாம். அது காய்ந்து இறுகும் ஜாதி.

சீக்கிரம் பழக்கும் வழிகளில் ஓவனில் வைப்பது, மைக்ரோவேவில் வைப்பது, காரை மேலே ஏற்றுவது எல்லாம் உண்டு. தோலின் எண்ணெய்ப் பசையும் தையலும் ஒரே நாளில் போகும். வெந்நீர் முறையைக் கேலி செய்ய முடியாது. வில்சனின் கிளவ் வடிவமைப்பாளர் ஷிகேயாகி ஆசோவே வெந்நீர் ஊற்றி, மரச் சுத்தியால் தட்டித்தான் மடிப்பைக் கொண்டுவருவார். ஆனால் அது எந்த இடத்தில் மடங்க வேண்டும் என்று தெரிந்த கை. நம் கைக்குச் சுத்தியல் மட்டும் போதும், வெந்நீர் வேண்டாம்.

மிச்சமிருப்பது பழைய வழி: தினமும் கேட்ச் ஆடுவது. முந்நூறு டாலர் கிளவை வேண்டாம் என்று நான் முடிவு செய்ததற்கும், தனிப் பயிற்சியாளருக்கு அரை மணிக்கு ஐம்பது டாலர் கொடுப்பதை மாதம் ஒரு தடவையாகக் குறைத்ததற்கும் இதுதான் காரணம். சாயங்காலம் இருபது நிமிஷம் நாங்கள் இருவரும் எறிந்து பிடிக்கிறோம். பாதிக்குப் பாதி மூன்று விரல் பிடியில், குறைந்த தூரத்தில், ஆனால் கை முழு வேகத்தில். பிடி விரலில் ஏறுகிறது. பந்து விழும் இடத்தில் கிளவுக்குக் குழியும் ஏறுகிறது. பயிற்சியாளர் அந்த மாத அரை மணியில் பார்ப்பது ஒன்றே ஒன்று: சேஞ்சப் போடும்போது கை மெதுவாகிறதா. அதை என் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபோனில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரிகிறது.

மற்ற பராமரிப்பு எல்லாம் சின்ன வேலை. ஆட்டம் முடிந்ததும் மண்ணைத் தட்டி ஈரமில்லாத துணியால் துடைப்பது. மழையில் நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலரவைப்பது. ஹீட்டர் பக்கமும் ஹேர் டிரையர் பக்கமும் கொண்டுபோகாமல் இருப்பது. ஜூலையில் கார் டிக்கியில் விட்டுவராமல் இருப்பது. குழியில் ஒரு பந்தை வைத்து, நட்டுவைத்த மாதிரி நிமிர்த்தி வைப்பது. பையின் அடியில் ஹெல்மெட்டுக்குக் கீழே நசுங்க விட்டால் ஒரு வாரத்தில் அப்பளம். மாதம் ஒரு தடவை வார் முடிச்சுகளை இழுத்துப் பார்ப்பது. நடு ஆட்டத்தில் வலை அவிழ்ந்தால் ஆபத்து: அடித்த பந்து முகத்துக்கு நேரே பாய்ந்து வரும் தூரத்தில் நிற்கிறவர் பிட்சர்தான்.

13 வயதில் ஜூனியர் பிரிவுக்குப் போனால் தூரம் 46 அடியிலிருந்து பெரியவர்கள் ஆடும் 60 அடி 6 இன்சுக்குத் தாவும். அப்போது ஃபாஸ்ட்பாலையே மறுபடி கற்க வேண்டியிருக்கும், கையும் பெரிதாகியிருக்கும், கிளவும் மாறும். கர்வ்பால் பற்றி அதற்கடுத்த வருஷம் பேசலாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். காலண்டரில் குறித்துவைத்திருக்கிறாள்.